உச்சிவெயிலில் உழுத நிழல்

முன்னொரு காலத்தில், ஏழு மலைக்கு இந்தப் பக்கம், பொன்விளாகம் என்றொரு ராஜ்யம் இருந்தது. அதில் ராஜா இருந்தார், ராணி இருந்தார், யானை குதிரை எல்லாம் இருந்தது. அவர்களைப் பற்றி நமக்குக் கவலை வேண்டாம், அவர்கள் பாட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் கதை அந்த ராஜ்யத்தின் கடைக்கோடியில், கரட்டூரில், மூன்று காணி கரிசல் காடு வைத்திருந்த வேலாண்டியின் கதை. காடு என்றதும் புலி கரடி என்று பயந்துவிடாதீர்கள். அந்தச் சீமையில் உழுகிற நிலத்தைத்தான் காடு என்பார்கள்.

வேலாண்டியின் மனைவி பெயர் காத்தாயி. ஒரே மகள் முத்தக்காளுக்கு அப்போது பத்து வயது. காளைகள் இரண்டு. மயிலை பரம சாது, வைக்கோல் போட்டால் தின்னும், போடாவிட்டால் சும்மா நிற்கும். செவலை அப்படியில்லை. வெயில் அடித்தாலும் அதற்குக் குறை, மழை பெய்தாலும் அதற்குக் குறை. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

வேலாண்டி தங்கமான மனிதர். அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம், வேலையை விட்டு எழுந்து வரமாட்டார். "இந்த ஒரு வேலை முடிஞ்சா போதும்" என்பார். அது முடியும். திரும்பிப் பார்த்தால் வரப்பில் ஓர் எலி வளை இருக்கும். "இந்த ஒரு வேலை முடிஞ்சா போதும்" என்று அதை அடைக்க உட்காருவார். அடைத்து எழுந்தால் எங்கேயாவது ஒரு கோரைப்புல் தலை நீட்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் ஆள் இருப்பார், இல்லையென்று சொல்லாதீர்கள்.

அவரைக் காட்டிலிருந்து கிளப்ப ஒரே ஓர் ஆளால்தான் முடியும். உச்சிப்பொழுதில் காத்தாயி கஞ்சிக் கலயத்தைத் தலையில் சுமந்து வருவாள். வரப்பில் நின்று, "இன்னைக்கு இவ்வளவு போதும், கஞ்சி குடிக்க வாங்க" என்பாள்.

அவ்வளவுதான். பாதி உழவுச்சால் ஓட்டியிருந்தாலும் வேலாண்டி அங்கேயே மாட்டை நிறுத்தி ஏரை அவிழ்த்துவிடுவார். அது கரட்டூர் வழக்கம். வீட்டுக்காரி கலயத்தோடு வரப்பில் நின்று கூப்பிட்டுவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அதற்கு மேல் மண்ணில் யாரும் கை வைக்கமாட்டார்கள். மண் கொடுத்த கஞ்சியைக் காக்க வைத்துவிட்டு மண்ணைக் கிளறுவது மண்ணுக்கே மரியாதை இல்லை என்பது அவர்கள் எண்ணம். நாளைக்குத் தொடங்குவது நாளைய வேலை.

முத்தக்காளும் அம்மாவோடு கலயத்துக்குப் பின்னால் ஓடி வருவாள். வந்ததும் கேட்பாள்.

"அப்பா, நானும் ஒரு சால் மேழி பிடிக்கட்டா?"

"உனக்கு எதுக்குத் தாயி இந்தக் கஷ்டம்? அப்பன் இருக்கேன்ல."

தினமும் கேட்பாள், தினமும் இதேதான் பதில். அந்த ஊரில் பெண்கள் களை எடுப்பார்கள், கதிர் அறுப்பார்கள், சுமை சுமப்பார்கள். ஏரின் கைப்பிடியை, அதுதான் மேழி, அதை மட்டும் தொடமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஒரு சித்திரை மாதம் வேலாண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். ஒரு தரம் பார்த்தார், இரண்டு தரம் பார்த்தார், மூன்றாம் தரம் கையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"ஒளிக்காமச் சொல்லுங்க" என்றார் வேலாண்டி.

"இந்த வருஷக் கம்பு கதிர் பிடிக்கும். அதை நீ பார்க்கமாட்டே, வேலாண்டி."

வேலாண்டி அழவில்லை. "அப்போ நாலு மாசம் இருக்கு, நிறைய வேலை கிடக்கு" என்று எழுந்துவிட்டார். அழுதது வைத்தியர்தான்.

அந்த நாலு மாதத்தில் அவர் செய்ததைக் கேளுங்கள். வீட்டுக் கூரையைப் பிரித்துப் புதுப் பனையோலை வேய்ந்தார். கிணற்றைத் தூர் வாரினார். தானியக் குதிர் நிறையக் கம்பு கொட்டி, வாயை மண்ணால் பூசினார். விறகைப் பிளந்து சுவர் உயரத்துக்கு அடுக்கினார். மகளுக்குச் சந்தையில் மூன்று பாவாடை வாங்கினார். ஒன்று இப்போதைக்கு. ஒன்று அவள் இன்னும் ஒரு சாண் வளர்ந்தால் கட்டிக்கொள்ள. மூன்றாவது அதற்கும் மேலே ஒரு சாண். நாலாவது வாங்கக் கை நீட்டியவர், மகள் அதற்கு மேல் எவ்வளவு வளருவாள் என்று நினைத்துப் பார்த்தார். நினைக்க முடியவில்லை. கையில் மூன்றோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்து குதிரின் மேல் தட்டிப் பார்த்தார். நல்ல நிறைந்த சத்தம். ஆனால் எத்தனை நாளைக்கு? ஒரு வருஷம். சிக்கனமாகப் பொங்கினால் ஒன்றரை வருஷம். அதற்கப்புறம்? காட்டை உழ ஆண்பிள்ளை இல்லை. காத்தாயி மேழி தொடமாட்டாள். முத்தக்காள் சின்னப் பிள்ளை. 'அப்பன் இருக்கேன்ல' என்று தினமும் சொன்ன சொல் அவரை முள்ளாகக் குத்தியது.

அதனால் அவர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். ஏழாவது மலைக்குப் போனார்.

ஏழாவது மலையில் ஊமத்தன் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். எந்நேரமும் ஓர் ஓலைக் குடையைப் பிடித்துக்கொண்டே இருப்பான், ஏனென்றால் அவனுக்கு நிழல் கிடையாது. தன் நிழலை எப்போதோ எதற்கோ விற்றுத் தொலைத்தவன். அன்றிலிருந்து அவனுக்கு மற்றவர்கள் நிழல் மேல் ஆசை. அவன் மலையில் நூறு நிழல்கள் இரவு பகலாகக் கல் உடைத்தன. எல்லாம் இப்படி வந்து ஏமாந்தவர்களின் நிழல்கள்.

"என்ன வேணும்?" என்றான் ஊமத்தன்.

"நான் போன பிறகும் என் பொண்டாட்டி பிள்ளைக்குக் கஞ்சிக்குப் பஞ்சம் வரக்கூடாதுங்க."

"உன் நிழலை விட்டுட்டுப் போ. உனக்குப் பதிலா அது உழும். எது வரைக்கும் உழணும்?"

இங்கேதான் வேலாண்டி தப்பு செய்தார். ராஜாவாக இருந்தால் நூறு வருஷம் என்று கேட்டிருப்பார். வியாபாரியாக இருந்தால் மகள் கல்யாணம் வரை என்று பேசி முடித்திருப்பார். இவர் விவசாயி. விவசாயி வாயில் என்ன வரும்?

"காட்டுல வேலை முடியுற வரைக்குங்க. வேலை முடிஞ்சா நிழலை விட்டுடணும்."

ஊமத்தனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, குடை ஆடியது. "சரிதான். ஏழு வெள்ளாமை தவணை தர்றேன். அதுக்குள்ள வேலை முடியலைன்னா நிழல் எனக்கு."

'ஏழு வெள்ளாமையா? அதுக்குள்ள எல்லா வேலையும் முடிச்சுட மாட்டேனா' என்று நினைத்தார் வேலாண்டி. எந்த விவசாயியும் இப்படித்தான் நினைக்கிறான், பாவம்.

"வேலை முடிஞ்சுதா இல்லையான்னு யாருங்க சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க ஊர் வழக்கப்படியே வச்சுக்கலாம்" என்று தாராளமாகக் கை விரித்தான் ஊமத்தன். வழக்கம் என்றால் அவனுக்கு என்ன தெரியும்? ஒரு நாளாவது கஞ்சிக்காகக் காட்டில் குனிந்தவனா அவன்? ஒரு கறுப்புக் கயிற்றை மந்திரித்துக் கொடுத்தான். "இதை மேழியில கட்டு. உச்சிப்பொழுதுல எல்லார் நிழலும் காலுக்கடியில ஒடுங்கும் இல்லையா, அப்போ உன் நிழல் எழுந்து உழும். ஒரு நாழிகைதான் நிற்கும். மந்திரம் பட்ட நிழலுக்கு அது ஒரு முழு நாள்."

ஆவணியில், கம்பு பூட்டை விட்டுக் கதிர் தலை நீட்டத் தொடங்குகிற நேரத்தில், வேலாண்டி படுத்துவிட்டார். காத்தாயியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மூணு விஷயம் சொல்றேன், மறந்துடாதே. காளைகளை விற்காதே, காலையில அவிழ்த்து விடு, அதுகளாப் போகும், அதுகளா வரும். ஏர் வேப்பமரத்தடியில கிடக்கட்டும், யாரும் தொட வேண்டாம். உச்சிப்பொழுதுல காட்டுப் பக்கம் யாரும் போகாதீங்க."

"ஏங்க இப்படியெல்லாம் சொல்றீங்க?"

"கஞ்சிக்குப் பஞ்சம் வராது காத்தாயி. நான் பார்த்துக்கறேன்."

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. வீட்டில் இரண்டு பேரும் அழுத அழுகையை நான் சொல்லப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

அதன் பிறகு கரட்டூரே வாய் பிளந்தது. ஆள் இல்லாத காடு உழுதிருந்தது, விதைத்திருந்தது, களை எடுத்திருந்தது. தையில் போய்ப் பார்த்தால் களத்தில் கம்பு குவிந்திருந்தது. "காத்தாயி கொடுத்து வச்சவ" என்றார்கள் சிலர். "அந்தக் காட்டுல பேய் உழுகுதுடி" என்றார்கள் சிலர். காத்தாயி தினமும் உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால், "சுள்ளி பொறுக்கிட்டு வர்றேன்" என்று கிளம்புவாள். வரும்போது நாலே நாலு சுள்ளி இருக்கும். கண் சிவந்திருக்கும்.

முதல் பாவாடை சிறிதானது. இரண்டாவதும் சிறிதானது. மூன்றாவதும் சிறிதாகி, காத்தாயி அதைக் கிழித்துக் கலயத்துக்கு வாய்த்துணி ஆக்கிப் பரணில் வைத்தாள். ஏழு வெள்ளாமை போனது. முத்தக்காளுக்குப் பதினேழு வயது.

ஏழாவது வெள்ளாமை வீடு சேர்ந்து கொஞ்ச நாளில், ஒரு காலையில், மயிலை கிளம்பிவிட்டது. செவலை மட்டும் தொழுவத்தில் படுத்துக்கொண்டு எழமாட்டேன் என்றது. முத்தக்காள் தடவிக் கொடுத்தாள், திட்டினாள், தள்ளினாள். ஒரு வழியாக அதை ஓட்டிக்கொண்டு காட்டு வரப்புக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் தலைக்கு நேரே வந்துவிட்டது. அப்பா சொன்ன சொல் ஞாபகம் வந்து திரும்பப் பார்த்தாள்.

"அப்படியே போயிடாதே, நில்லு" என்றது ஒரு குரல்.

முத்தக்காள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை, செவலைதான் நின்றது.

"நான்தான். மந்திரம் விழுந்த காடு இது, உச்சிப்பொழுதுல இங்கே எனக்குப் பேச்சு வரும். ஏழு வருஷமாப் பேசறேன், பதில் பேசத்தான் நாதியில்லை. மயிலைகிட்ட என்னத்தைப் பேச? அது தலையை மட்டும் ஆட்டும். ஏன் படுத்துக்கிட்டேன்னு நினைக்கிறே? உன்னை இங்கே வரவைக்கத்தான். அதோ பார், உங்க அப்பன் வர்றாரு."

வேப்பமரத்தடியிலிருந்து ஒரு நிழல் எழுந்து வந்தது. தலைப்பாகைக் கட்டு, சற்றே கூன் போட்ட தோள், இடது காலை லேசாகச் சாய்த்து வைக்கிற நடை. முத்தக்காளுக்கு அந்த நடை தெரியாதா? "அப்பா" என்று ஓடினாள், கையை நீட்டினாள். கையில் வெயில்தான் பட்டது. நிழல் அவளைக் கவனிக்கவில்லை. ஏரைப் பூட்டியது, உழ ஆரம்பித்தது. அடுப்புக்கரி போல இருந்திருக்க வேண்டிய நிழல், கழுவிக் கழுவி வெளுத்த துணியாக இருந்தது. அதன் வழியாக அந்தப் பக்கத்து மண் தெரிந்தது.

"தேயுது" என்றது செவலை, நுகத்தடியில் நின்றபடி. "வருஷா வருஷம் தேயுது. செத்தவங்களுக்கு ஓய்வுன்னு ஒண்ணு வேண்டாமா? அவரும் ஓயமாட்டாரு, எங்களையும் ஓய விடமாட்டாரு."

வரப்பில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஓலைக் குடையோடு ஊமத்தன் நின்றிருந்தான்.

"மகளா? நல்லாப் பார்த்துக்கோ. ஏழு வெள்ளாமை முடிஞ்சுது. இன்னும் மூணு நாள் பொறுப்பேன், அப்புறம் உங்க அப்பன் என் மலையில கல் உடைப்பான்." பேரம் பேசிய கதை முழுவதையும் ஒளிக்காமல் சொன்னான். அப்படிச் சொல்லிக் காட்டுவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

"வேலை முடிஞ்சா விட்டுடணும், அப்படித்தானே?" என்றாள் முத்தக்காள்.

"முடிஞ்சா. காட்டுல வேலை முடியுமா பிள்ளை?"

"நான் முடிக்கிறேன்."

மறுநாள் விடிவதற்குள் முத்தக்காள் காட்டில் நின்றாள். கோடை உழவில் கிழக்கு மூலை ஒன்றுதான் பாக்கி. அவள் வாழ்நாளில் தொடாத மேழியைத் தொட்டாள். ஏர் இடப்பக்கம் இழுத்தது, வலப்பக்கம் இழுத்தது, ஒரு தரம் அவளையே குப்புறத் தள்ளியது. வழியில் போனவர்கள் நின்று, "ஐயையோ, பொம்பளை ஏர் பிடிக்குறாளே" என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. சால் பாம்பாக நெளிந்தது, ஆனாலும் உச்சிப்பொழுதுக்குள் கிழக்கு மூலை உழுது முடிந்தது.

நிழல் எழுந்து வந்தது. காட்டைப் பார்த்தது. உழ ஓர் அடி மண் இல்லை. நிழல் அப்படியே நின்று, வரப்போரம் நடந்து, ஓர் எலி வளையைப் பார்த்துக் குனிந்து அடைக்க உட்கார்ந்தது. வரப்பில் ஊமத்தன் சிரித்தான்.

இரண்டாம் நாள் அவள் வரப்பெல்லாம் சுற்றினாள். நாற்பத்தேழு எலி வளை. அத்தனையும் அடைத்தாள், வரப்பைச் செதுக்கி மண் வைத்தாள். உச்சிப்பொழுதில் நிழல் வந்தது. உழ வேலை இல்லை, வரப்பில் வேலை இல்லை. திரும்பி நடந்து, ஒரே ஒரு கோரைப்புல்லைப் பார்த்துக் குனிந்து பிடுங்க உட்கார்ந்தது. ஊமத்தன் சிரித்தான்.

அன்றைக்கு வீடு திரும்பிய முத்தக்காள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். காத்தாயி அவள் கைகளைப் பார்த்தாள், கொப்புளத்துக்கு எண்ணெய் தடவினாள். பிறகு, "எனக்குத் தெரியும் தாயி" என்றாள்.

"எதும்மா?"

"அப்பா அங்கே இருக்கறது. அவர் கண்ணை மூடின வருஷமே பார்த்துட்டேன். போகாதேன்னு சொன்னாரு, எனக்கு மனசு கேட்கலை, போனேன். அன்னையிலிருந்து தினமும் போறேன். உச்சிக்கு முன்னாடியே போய் வேப்பமரத்துக்குப் பின்னாடி உட்கார்ந்துக்குவேன், ஒரு நாழிகை பார்ப்பேன், வந்துடுவேன். வாயைத் திறந்தா மறைஞ்சுடுவாரோன்னு ஒரு வார்த்தை பேசலை." அவள் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். "அவர் தேயறதையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். இருந்தும் பேசலை. எனக்கு அவரைப் பார்க்கணும், அவ்வளவுதான். நான் பெரிய பாவி."

முத்தக்காள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள். முத்தக்காள் முழந்தாளிட்டுக் காடு முழுவதும் தவழ்ந்தாள். ஒரு கோரை விடவில்லை, ஓர் அருகம்புல் விடவில்லை. கம்புத்தட்டை வேர், ஓட்டாஞ்சில்லு, முள், எல்லாம் பொறுக்கினாள். மூன்று காணியும் பெருக்கி விட்ட வீட்டுக்கூடம் மாதிரி ஆனது. சூரியன் உச்சிக்கு வந்தது.

நிழல் எழுந்து வந்தது. அது இப்போது கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. உழ மண் இல்லை. வரப்பில் வளை இல்லை. களை இல்லை. நிழல் ஒரு சுற்று வந்தது, இரண்டாவது சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில் நின்றது. குனிந்தது. ஒரு கூழாங்கல்லை எடுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் போட்டது. பிறகு இன்னொன்றை.

ஊமத்தன் குடையைச் சுழற்றிக்கொண்டு இறங்கி வந்தான். "நான்தான் சொன்னேனே பிள்ளை. இவனுக்கு வேலை முடியவே முடியாது. இன்னும் கொஞ்ச நேரம், பொழுது சாய்ஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்."

அப்பா குனிந்து குனிந்து கல் பொறுக்குவதை முத்தக்காள் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அப்பா உயிரோடு இருந்தபோதும் ஒரு நாளும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர் இல்லை. அவரைக் கூப்பிட்டதால் வந்தவர். இந்த வரப்பில் நின்று யாரும் அவரைக் கூப்பிட்டு ஏழு வருஷம் ஆகிவிட்டது.

அவள் வேப்பமரத்தைப் பார்த்தாள். "அம்மா" என்றாள்.

மரத்துக்குப் பின்னாலிருந்து காத்தாயி வந்தாள். தலையில் கஞ்சிக் கலயம். மூன்றாவது பாவாடையைக் கிழித்த துணியால் அதன் வாய் கட்டியிருந்தது. மகள் கேட்பதற்கு முன்னாலேயே, காலையில் எழுந்ததும் அவளாகவே கம்பு இடித்துக் காய்ச்சிய கஞ்சி அது. கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பார்க்கிற இந்த ஒரு நாழிகையும் நாளையிலிருந்து இல்லை. குதிரில் கம்பு நிரப்பவும் ஆள் இல்லை. வரப்பில் ஏறினாள். நின்றாள். வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. இரண்டாம் தரம் திறந்தாள், அழுகைதான் வந்தது. மூன்றாம் தரம், ஏழு வருஷத்துக்கு முன்னால் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு இவ்வளவு போதும், கஞ்சி குடிக்க வாங்க."

நிழல் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டது. நிமிர்ந்தது.

"டேய், வேலை இன்னும் இருக்குடா" என்று கத்தினான் ஊமத்தன். "அதோ கல், அதோ கல்."

"இருக்கட்டுமே" என்றது செவலை. "எங்க ஊர்ல கூப்பிட்டாச்சுன்னா வேலை முடிஞ்சுது. ஊர் வழக்கப்படின்னு நீதானே ஒத்துக்கிட்டே? மத்தது நாளைய வேலை, அதை நாளைக்கு இருக்கறவங்க பார்த்துக்குவாங்க."

மேழியில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு ஓர் இடத்தில் அறுந்தது, பிறகு எங்கெங்கும் அறுந்து, தூளாகி மண்ணில் உதிர்ந்தது. ஊமத்தன் அதைப் பொறுக்கக் குனிந்தான். செவலை கொம்பைத் தாழ்த்தியது. ஏழு வருஷக் கோபம் அதற்கு, கேட்க வேண்டுமா? குடை ஒரு பக்கம், ஊமத்தன் ஒரு பக்கம் என்று ஓடினான் பாருங்கள், ஏழு மலையும் தாண்டிய பிறகுதான் நின்றானாம்.

நிழல் வரப்பேறி வந்து உட்கார்ந்தது. காத்தாயி கலயத்தை இறக்கி, சின்ன வெங்காயம் நாலு உரித்து வைத்தாள். நிழல் கஞ்சி குடிக்குமா என்று கேட்காதீர்கள். காத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து, எது எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். எருமை கன்று போட்டது, தெற்குச் சுவர் மழையில் இடிந்தது, பக்கத்து வீட்டில் கல்யாணம் ஆனது. ஏழு வருஷப் பேச்சு. நிழல் தலையாட்டிக் கேட்டது.

பிறகு அது எழுந்து முத்தக்காளிடம் வந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தது. அவர் வாங்கிய மூன்றாவது பாவாடையையும் தாண்டி, அவரால் நினைத்துப் பார்க்க முடியாத உயரத்துக்கு அவள் வளர்ந்து நின்றாள். நிழல் அவள் உழுத கோணல் சால்களைப் பார்த்தது. அவள் சின்ன வயதில் தினமும் கேட்ட அந்த ஒரு சாலுக்காக ஏரைக் காட்டியது, அது வேலைக் கணக்கில் வராது. முத்தக்காள் போய்க் காளைகளைப் பூட்டி மேழியைப் பிடித்தாள். அவள் கொப்புளக் கை மேல் நிழலின் கை வந்து படிந்து, மேழியைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் கீழே அழுத்தியது. "ஹை" என்றாள் முத்தக்காள். காளைகள் நடந்தன. சால் கோடு போட்டாற்போல் நேராகப் போனது.

பத்து அடி போய்த் திரும்பிப் பார்த்தாள். பொழுது சாய்ந்திருந்தது. வேப்பமரத்தின் நிழல் நீண்டிருந்தது, அம்மாவின் நிழல் நீண்டிருந்தது, அவளுடைய நிழலும் நீண்டிருந்தது. அப்பாவின் நிழல் இல்லை. முத்தக்காள் அழுதாள், ஆனால் மேழியை விடவில்லை.

மறுநாள் காத்தாயி கரட்டூரில் வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னாள். ஊமத்தன் மலையில் கல் உடைத்த நூறு நிழல்களுக்கும் எங்கெங்கோ வீடு இருந்தது. சேதி ஊர் ஊராகப் பரவி, ஒரு நாள் உச்சிப்பொழுதில் நூறு பேர் தலையில் கலயத்தோடு ஏழாவது மலைக்குப் போனார்கள். மனைவிகள் போனார்கள், அம்மாக்கள் போனார்கள், மகள்கள் போனார்கள். அவரவர் ஆளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்று, மலை முதல் தடவையாக அமைதியானது.

முத்தக்காள் உழுதாள். முதல் வருஷம் அப்பா காலத்து வெள்ளாமையில் பாதிதான் வந்தது. இரண்டாம் வருஷம் முக்கால். மூன்றாம் வருஷம் குதிர் வழிந்து, இன்னொரு குதிர் செய்தார்கள். ஏர் பிடிக்கக் கற்றுக்கொடு என்று ஊர்ப் பெண்கள் வந்தார்கள். செவலைக்கு அதன் பிறகு பேச்சு வரவில்லை. பேச்சு இல்லாவிட்டால் என்ன, குறை இருப்பது முகத்திலேயே தெரியும்.

முத்தக்காளிடமும் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "இந்த ஒரு சால் மட்டும்மா" என்பாள். ஆனால் உச்சிப்பொழுதில் வரப்பிலிருந்து அந்தக் குரல் வரும்.

"இன்னைக்கு இவ்வளவு போதும், கஞ்சி குடிக்க வா தாயி."

பாதிச் சாலில் மாட்டை நிறுத்தி, ஏரை அவிழ்த்துவிட்டு, அவள் வரப்பேறி வந்துவிடுவாள். கதை சொன்ன எனக்கும் இப்போது அடுப்படியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. மீதி இருந்தால் இருக்கட்டும், நான் எழுந்திருக்கிறேன்.